முனியை யார் நிறுத்துவது?

உங்கள் பிரிவில் புதிதாக எழுதியிருக்கும் புரோகிராமுக்குப் பெயர் வைக்க இதுவரை மூன்று கூட்டம் நடந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். ஒருவர் எறும்புத்தின்னி என்றாராம், இன்னொருவர் இருவாட்சிப் பறவை என்றாராம், மூன்றாமவர் படம் வரைய ஆளையே பிடித்துவிட்டாராம். சண்டை தீரவில்லை என்றதும், "பழைய ஆள் ஒருத்தர் குனோங் ராபாட்டில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேட்போம்" என்று யாரோ சொல்லியிருக்கிறீர்கள். சும்மா உட்கார்ந்திருப்பது உண்மைதான். கேட்டதும் சரியான ஆளிடம்தான். ஒரு புரோகிராமுக்குப் பெயர் வைத்து என் அளவுக்கு உதை வாங்கியவன் பேராக் மாநிலத்திலேயே இருக்க மாட்டான்.

எண்பதுகளில் நடந்தது இது. செம்பனைத் தோட்டங்கள் வைத்திருந்த ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு ஈப்போவில், ஒரு கோப்பிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கம்ப்யூட்டர் இரண்டு அலமாரி உயரம். குளிர்சாதனம் அதற்காகத்தான் போட்டார்கள், எங்களுக்காக அல்ல. ஈப்போ வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன நாலு பேர் நாங்கள்தான். பிரிவின் தலைவர் மிஸ்டர் லியோங். எந்திரத்தை ஓட்டுகிறவர்கள் ஸ்டெல்லா அக்காவும் ரஹீமும். புரோகிராம் எழுதுகிறவன் நான். எழுதுவதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

என் புரோகிராமின் வேலை எளிது. தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காலையில் போன் வரும், இன்றைக்கு இவ்வளவு குலை வெட்டியிருக்கிறோம் என்று. நாளைக் காலையில் எந்த லாரி எந்தத் தோட்டத்துக்குப் போய்க் குலையை ஏற்றி ஆலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை அது முடிவு செய்து, லாரிக்கு ஒரு சீட்டாக அச்சடித்துக் கொடுக்கும். மாலையில் வேன் அந்தச் சீட்டுகளைத் தெலுக் இந்தானுக்கு எடுத்துப் போகும். வெட்டிய குலை கிடந்தால் கெட்டுப்போகும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் சீட்டு நேரத்துக்குப் போவதுதான் முக்கியம். முதலில் அதற்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர்தான் இருந்தது. அதைச் சீட்டின் தலையிலும் அச்சடித்தோம்.

முதல் வாரமே தெலுக் இந்தானில் லாரிகளுக்குக் கணக்கெழுதும் கிராணி போன் போட்டார்.

"தம்பி, உங்க சீட்ட எவனும் மதிக்க மாட்டேங்கிறான்லா. 'இந்த டி-ஆர்-நாலு யாரு, எனக்கு முதலாளியா'னு கேக்குறானுங்க. தூரத்துத் தோட்டம் விழுந்தா சீட்டக் கசக்கி என் மேசையிலயே போட்டுட்டுப் போறானுங்க."

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அங்கே பாதி லாரிகளின் நெற்றியில் முனியாண்டி துணை என்று எழுதியிருக்கும். தோட்டத்து எல்லையில் முனியாண்டி கோயிலைக் கடக்கும்போது ஓட்டுநர்கள் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார்கள். நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். ஆனால் பதினெட்டு வயதிலேயே பகுத்தறிவு பேச ஆரம்பித்து, கோயில் திருவிழாவில் பொங்கலை மட்டும் ஆதரிக்கும் அளவுக்கு முன்னேறியிருந்தேன். புரோகிராமுக்கு 'முனி' என்று பெயர் மாற்றினேன். சீட்டின் தலையில் நட்சத்திரக் குறிகளாலேயே ஒரு முகம் வரைந்தேன்: உருட்டிய கண், காதுவரை மீசை, வாயில் சுருட்டு. சுருட்டுப் புகைக்கு மட்டும் காற்புள்ளி.

மறு வாரம் கிராணி குரல் மாறிவிட்டது. "என்ன செஞ்ச தம்பி? பயலுங்க வாயே தொறக்கல. ஒருத்தன் சீட்ட வாங்கி கண்ணுல ஒத்திக்கிறான்!"

நான் தலைகால் தெரியாமல் ஆடினேன். சட்டம் போட்டு நடக்காததைப் பெயர் வைத்து நடத்திவிட்டேன் என்று லியோங்கிடம் பீற்றிக்கொண்டேன். மழைக்காலத்தில் ஒரு ஓட்டுநர், சீட்டில் போட்டிருக்கிறதே என்று தண்ணீர் ஏறிய பாதையில் லாரியை இறக்கிச் சேற்றில் மாட்டிக்கொண்டார். ஏன் ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை என்றால், "முனியையே கேள்வி கேக்கச் சொல்றீங்களா" என்றாராம். அதைக்கூட நான் என் வெற்றிக் கணக்கில்தான் சேர்த்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்காததோடு இன்னொரு குறும்பும் செய்தேன். ஓடிக்கொண்டிருக்கும் முனியை யாராவது பாதியில் ரத்து செய்தால், திரையில் "சியாப்பா பெரானி?" என்று வரும்படி எழுதினேன். மலாயில், எவனுக்குத் துணிச்சல் என்று அர்த்தம். 'ஒய்' எழுத்தைத் தட்டினால்தான் நிற்கும். முதல் முறை அதைப் பார்த்து ரஹீம் விழுந்து விழுந்து சிரித்தான், 'ஒய்' தட்டினான், முனி நின்றது. மறுநாள் காலை வேலைக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். ரோட்டில் எண்ணெய் கொட்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் கட்டுப்போட்ட கையோடு அவன் வந்து நின்றபோது, "முனி கிட்ட வச்சுக்காதனு சொன்னேன்ல" என்று நான்தான் முதலில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் 'ஒய்' தட்டவில்லை.

ஒரு நாள் எந்திர அலமாரியின் மேல் ஒரு சுருட்டு இருந்தது. இன்னொரு நாள் இரண்டு ஆரஞ்சுப் பழம். யார் வைத்தது என்று தெரியவில்லை. டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டுமென்றால் முனியைச் சற்று நேரம் நிறுத்த வேண்டும் என்பதால், நகல் எடுக்கும் வேலையையும் ரஹீமும் ஸ்டெல்லா அக்காவும் ஒருவர்மேல் ஒருவர் தள்ளிக்கொண்டே போனார்கள்.

"நீங்கதான் ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போறீங்களே அக்கா, உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டேன்.

"நான் கும்புடுறது ஏசுவதான். ஆனா குடியிருக்கிறது முனியாண்டி கோயிலுக்குப் பக்கத்து வீட்டுலடா. அக்கம்பக்கத்துல எதுக்கு சண்ட?"

ஸ்டெல்லா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கணவர் ஈயச் சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கங்கள் வரிசையாக மூடிய வருடங்கள் அவை. அவர் வேலை போய், வீட்டில் அக்காவின் சம்பளம் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மூன்று பேர். அக்கா அதைப் பற்றிப் புலம்பி நான் கேட்டதில்லை. பகலுணவுக்குக் கீழே கோப்பிக்கடைக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

அந்த நாள் வந்தது. லியோங் வெளியூர் போயிருந்தார், ரஹீம் விடுப்பில் இருந்தான். பகல் இரண்டு மணி இருக்கும். நான் கீழே கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்கா படியில் பாதிவரை இறங்கி வந்து கத்தினார்.

"செல்வா, மேல வா! உன் சாமிக்கு ஏதோ ஆயிருச்சு!"

மேலே போனால் அச்செந்திரம் நிற்காமல் அடித்துக்கொண்டிருக்கிறது. ஒரே லாரி, ஒரே தோட்டம், ஒரே சீட்டு, ஒவ்வொன்றிலும் மீசையும் சுருட்டும். தரையெல்லாம் முனி. இரண்டு தோட்டங்கள் அன்றைக்குச் சரியாக ஒரே எடையைச் சொல்லிவிட்டன, எதை முதலில் எடுப்பது என்று என் புரோகிராமுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க மறந்தவன் நான். தீர்வு சின்னது. ரத்து செய்துவிட்டு, ஒரு எடையைக் கொஞ்சம் மாற்றிப் போட்டு, மறுபடி ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் சீட்டுகள் தயார். வேன் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது.

உட்கார்ந்து ரத்துக் கட்டளையை அடித்தேன். திரையில் வந்தது: சியாப்பா பெரானி?

அந்த வரியை எழுதியவன் நான். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது, எத்தனை வரி இருக்கிறது எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அன்று காலைதான் என் மனைவியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வந்திருந்தேன். எட்டு மாதம். இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரல் 'ஒய்' மேல் போய் நின்றது. ரஹீமின் மணிக்கட்டு ஞாபகம் வந்தது. விரல் இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் பயந்துவிட்டேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

"தட்டுடா," என்றார் அக்கா.

"நீங்க தட்டுங்கக்கா."

"நீ எழுதுனது, நீ தட்டு."

நான் எழுந்தேன். "அக்கா, மெயின் சுவிட்ச அணைச்சிட்டா என்ன? யாரும் அவர நிறுத்துன மாதிரி இருக்காது. கரண்டு போன மாதிரி இருக்கும்."

இன்று இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது. சாமியை ஏமாற்றத் திட்டம் போட்ட பகுத்தறிவுவாதி நான்.

"டேய், டிஸ்க்கு சுத்திட்டிருக்குடா! வேணாம்டா!" என்று அக்கா ஓடி வருவதற்குள் இழுத்துவிட்டேன். அச்செந்திரம் நின்றது. அலமாரிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, இரும்பு ஆணியால் தகரத்தைக் கீறும் சத்தம். சுற்றிக்கொண்டிருந்த தட்டின் மேல் படிக்கும் ஊசி விழுந்து உரசிய சத்தம் அது. லாரிகள், தோட்டங்கள், பாதைகள், ஓட்டுநர்களின் முறைப்பட்டியல் எல்லாம் அந்தத் தட்டில்தான் இருந்தன. நகல் பல வாரம் பழையது. அது ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

"உன்னைய நேரா தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்," என்றார் அக்கா. மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போ. பார்வையாளர் நேரம் முடிஞ்சிரும். நான் பாத்துக்கிறேன்," என்றார். நான் போய்விட்டேன். என் தப்புகளிலேயே பெரியது எது என்று கேட்டால் சுவிட்சை இழுத்ததைச் சொல்ல மாட்டேன். அப்போது படியிறங்கிப் போனதைத்தான் சொல்வேன்.

நாலு நாள் சீட்டு இல்லை. கிராணி நினைவில் இருந்ததை வைத்துக் கையால் எழுதிச் சமாளித்தார். தெலுக் இந்தான் சாலையோரம் குலைகள் குவிந்து கிடந்து நாறின. ஆலையில் எண்ணெய் தரம் இறங்கியது. கோலாலம்பூரிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். அதற்குள் எனக்கு மகள் பிறந்துவிட்டாள், தாயும் பிள்ளையும் நலம். நான் விடுப்பில் இருந்தேன். ஸ்டெல்லா அக்கா மைலோ டின்னோடு குழந்தை பார்க்க வந்தார்.

"ஆபீஸ் எப்படிக்கா?"

"நானும் லீவுதான்டா. பிள்ளைக்கு மூக்கு உன்ன மாதிரி இல்ல, தப்பிச்சிது."

இரண்டு நாள் கழித்து லியோங்குக்குப் போன் செய்தபோதுதான் உண்மை தெரிந்தது. அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள், மறுநாள் விசாரணை. பதிவேட்டில் அக்கா தன் கையால், மின்சாரம் நின்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மேனேஜர் கீழே கோப்பிக்கடையில் போய் விசாரித்திருக்கிறார். அன்றைக்கு அங்கே மின்விசிறி ஒரு நொடிகூட நிற்கவில்லை. எந்திரத்தைக் கெடுத்தது ஒன்று, பொய் எழுதியது ஒன்று என்று இரண்டு குற்றம் அக்கா தலையில். என் பெயரை அவர் எங்கேயும் சொல்லவில்லை.

அன்று இரவு நான் என்ன யோசித்தேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. சொல்லாமல் இருந்தால் என்ன என்று யோசித்தேன். கையில் ஐந்து நாள் குழந்தை. யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு வேறு வேலை கிடைக்காதா என்றுகூட யோசித்தேன். கிடைக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஈப்போவில் அப்போது கம்ப்யூட்டர் ஓட்டும் இடங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம், பொய்ப் பதிவு எழுதியவர் என்று பேர் வந்தால் ஒன்றிலும் சேர்க்க மாட்டார்கள்.

காலையில் போனேன். கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்து, "சுவிட்சை இழுத்தது நான்," என்றேன்.

மேனேஜர் ஆங்கிலத்தில்தான் பேசினார், தமிழில் தருகிறேன். "ஏன்?"

"ரத்து செய்யப் பயமாக இருந்தது."

"எதற்குப் பயம்?"

நான் ஒரு சீட்டை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் மீசையைப் பார்த்தார், சுருட்டைப் பார்த்தார், காற்புள்ளிப் புகையைப் பார்த்தார். "இந்த நட்சத்திரக் குறிகளைப் பார்த்தா?"

"ஆமாம் சார். வரைந்ததும் நான்தான்."

அவர் லியோங் பக்கம் திரும்பினார். "நீங்கள் இருந்திருந்தால் ரத்து செய்திருப்பீர்களா?"

லியோங் மேலே கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்த ஆரஞ்சுப் பழம் வைத்தது நான்தான்," என்றார்.

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. பழுது பார்த்த எந்திரத்தில், பழைய நகலிலிருந்து முனியை ஏற்றி ஓட்டச் சொன்னார். ரத்துக் கட்டளை போடச் சொன்னார். திரையில் கேள்வி வந்தது. மலாய் தெரியாததால் அர்த்தம் கேட்டார், ரஹீம் கட்டுப்போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னான். மேனேஜர் விரலை நீட்டினார். அந்த விரல் சாவிப்பலகைக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. பிறகு அவர் விரலை மடக்கி, சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு, "இது ஆபரேட்டர் வேலை, என் வேலையல்ல," என்றார்.

ஸ்டெல்லா அக்கா எழுந்து வந்தார். யாரும் சொல்லவில்லை. மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார், "பக்கத்து வீட்டுக்காரரே, மன்னிச்சுக்குங்க," என்றார், தட்டினார். முனி நின்றது.

அக்காவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை திரும்பக் கிடைத்தது. என் பதவி உயர்வு காணாமல் போனது. கேட்கப் போவதற்கு எனக்கு முகமும் இல்லை. மேனேஜர் போகும்போது ஓர் உத்தரவு போட்டார்: இந்தப் புரோகிராமுக்கு வேறு பெயர், அந்தப் பெயரை எந்திரத்தை ஓட்டுகிறவர்தான் வைக்க வேண்டும்.

மறுநாள் அக்கா வைத்தார். 'செல்வா' என்று வைத்தார். படமும் அவரே வரைந்தார்: சோடாப்புட்டிக் கண்ணாடி, பெரிய காது, நடுத்தலைவரை ஏறிய நெற்றி. நட்சத்திரக் குறியே மிச்சமாகும் அளவுக்கு முடியைக் குறைத்திருந்தார்.

"என்னக்கா இது?"

"கெட்டுப்போனா யாரும் யோசிக்காம நிறுத்தணும்லடா. உன்னைய விட்டா அப்படி ஒரு ஆளு நம்ம ஆபீசுல இல்ல."

தெலுக் இந்தானிலிருந்து போன் மழை. "யாருலா இந்த மொட்டை? முனி எங்க போனாரு?" என்று ஆரம்பித்தார்கள். பிறகு சண்டை போட ஆரம்பித்தார்கள். "உங்க செல்வாவுக்குக் கண்ணு தெரியலயா? அந்தத் தோட்டத்துப் பாலம் ஒடஞ்சு ஒரு மாசம் ஆச்சு, பெரிய லாரிய அனுப்புறான்!" என்று ஒருவர் திட்டினார். நான் பாலத்தைத் திருத்தினேன். இன்னொருவர் தூரம் தப்பு என்றார், அளந்து பார்த்தால் தப்புதான். முனி இருந்தவரை இவர்கள் எல்லாம் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். வாயைத்தான் திறக்கவில்லை. அந்த வருடம் நான் வாங்கிய திட்டில்தான் அந்தப் புரோகிராம் உருப்படியானது.

ஆகையால் எறும்புத்தின்னியா இருவாட்சியா என்பது உங்கள் பாடு. அதைக் காலால் உதைக்கப் பத்து பேருக்குத் தைரியம் இருக்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. பெயர் மாறிய சில மாதத்தில் அது மறுபடி ஒரே சீட்டை நிற்காமல் அடிக்க ஆரம்பித்தது. இந்த முறை தரையெல்லாம் என் மூஞ்சி. நான் மேசையிலிருந்து எழுந்து ஓடி வருவதற்குள் ஸ்டெல்லா அக்கா ரத்துக் கட்டளை அடித்து, திரையைக்கூடப் பார்க்காமல் 'ஒய்' தட்டிவிட்டார். அச்செந்திரம் நின்றது. அக்கா நாற்காலியைத் திருப்பி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"உயிரோடதான இருக்க?"

"இருக்கேன்க்கா."

"அப்ப போய் சரி பண்ணுலா. வேன் காத்துக்கிட்டிருக்கு."